பிறவியோ, பிறகோ

படிவத்தில் இரண்டு பெட்டி.
பிறவியில் வந்தது. பிறகு வந்தது.
ஒன்றில் மட்டும் சரி போடுங்கோ என்கிறா மிஸி.
பேனையைப் பிடித்தபடி இருக்கிறேன்.

கிளிநொச்சி கிளினிக், வெள்ளிக்கிழமை,
நாற்பத்தியோராம் நம்பர்.
அம்பகாமம் காட்டில் எனக்கென்று
ஒரு மீற்றர் அகலத்தில் ஓர் ஒழுங்கை இருக்கிறது.
சிவப்புத் தடிக்கு அங்கால் கால் வைக்கேலாது.
நாளுக்கு ஏழு சதுர மீற்றர் போனால்
சுப்பவைசர் சிரிப்பார்.
கருவி கத்தினால் முழந்தாளில் இருந்து
பக்கத்தால், சாய்வாக, மண்ணைச் சுரண்ட வேணும்.
மேலிருந்து ஒருநாளும் அமத்தக் கூடாது.

இங்கே மண் நான்தான்.
குளிர்ந்த களியைப் பூசி
அடிவயிற்றில் கருவியை ஊரவிடுகிறார் டொக்டர்.
இது கத்தாத கருவி.
அதனால் பயம் கூட.

மூன்று தரம்.
முதலாவது ஒன்பதாம் கிழமை, வேலைக்குப் போகும் லொறியில்.
இரண்டாவதுக்குப் பெயர் யோசித்திருந்தோம்.
மூன்றாவது பதினேழாம் கிழமை. விரல்கள் இருந்தன.
அதற்குப் பிறகு சத்தியசீலன்
சைக்கிளுக்குத் திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டார்,
ஒரு சொல் பேசவில்லை.

திரையைத் திருப்பிக் காட்டினார். பாருங்கோ, சுவர்.
கறுப்புக்குள் ஒரு சாம்பல் கோடு,
ஓர் அறையை இரண்டாக்க மேலிருந்து இறங்கி
பாதி வழியில் நிற்கிறது.
பிள்ளை அதில் ஒட்டியிருக்கும், அங்கே இரத்தம் குறைவு என்றார்.
கல்லில் ஊன்றின நாற்று.

எப்பிடி வந்தது என்று கேட்டேன்.
கேட்கும்போதே விடை என்னிடம் இருந்தது.
மாத்தளனில் பங்கர் சரிந்து இடுப்புவரை மண்.
பிறகு செட்டிகுளத்தில் பதினாலு மாதம் தறப்பாள்.
எங்கள் வீட்டில் எது உடைந்தாலும்
அதற்கு ஒரு திகதி உண்டு.

இல்லை அம்மா, என்றார்.
நீங்கள் உங்கட அம்மாவின் வயிற்றில்
விரல் நீளம் இருந்த காலத்து வேலை.
இரண்டு குழாய் வந்து நடுவில் ஒட்டும்,
ஒட்டின இடத்துச் சுவர் பிறகு கரையும்.
உங்களுக்குக் கரையவில்லை.
லண்டனில் பிறந்திருந்தாலும் இதுதான்.

எனக்குக் கோபம் வந்தது, ஆரில் என்று தெரியாமல்.
இத்தனை வருசம் ஒருவனைக் கூண்டில் நிறுத்திவிட்டு
இந்த ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை என்றால்
நான் என்ன செய்ய?
மாமி சொன்ன செவ்வாயும் இல்லை.
நான் தூக்கின தண்ணி வாளியும் இல்லை.
ஆருமே இல்லை.

வாங்கில் பக்கத்தில் இதயறஞ்சினி.
ஒட்டுசுட்டானில் விடியப்புறம் பஸ் ஏறினவ.
அவவுக்கு இருக்கிற சுவர்களே
ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்றாம்.
பள்ளிக்கூட மேசை, சேலைன் கொழுவ ஒரு மரக்கிளை,
மயக்க மருந்து முடிந்துபோன பின்னேரம்;
உள்ளே நின்ற நஞ்சுக்கொடியைச் சுரண்டி எடுத்தவை.
எடுத்திராவிட்டால் இந்த வாங்கில் நான் இல்லை என்றா.
அதோடு மாதவிடாய் நின்றுவிட்டது.
முகாமில் பெட்டையள் பொறாமைப்பட்டவையாம்:
நீ குடுத்துவைச்சனி,
துணிக்கு அடிபடத் தேவையில்லை.
சொல்லிச் சிரித்தா. நானும் சிரித்துவிட்டேன்.
மிஸி திரும்பிப் பார்த்தா.

இரண்டாம் பெட்டியில் ஒரே இழுவையில் சரி போட்டா.
அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு முதலாம் பெட்டியில் நான் போட்டேன்,
சின்னதாக, அழிக்கக்கூடிய மாதிரி.

எனக்கு யாழ்ப்பாணத்தில் திகதி தந்திருக்கினம்.
கமரா விட்டு வெட்டுவினமாம், வெளியில் தையல் இல்லை.
இதயறஞ்சினிக்கு இன்னும் ஒரு ஸ்கான்.
டொக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன்:
மேலிருந்து அமத்துவீங்களோ?
விளங்காமல் என் முழந்தாளைப் பார்த்தார்,
அங்கே காய்த்திருந்த தோலை.
இல்லை, கீழேயிருந்து, மெதுமெதுவாக, என்றார்.

அப்ப சரி.
நாளைக்கு ஒழுங்கையில் வேர் கனக்க.